பாதாளத்தில் எந்தக் காசு செல்லும்?

வாசகர் கேள்வி – பதில்

ரோல்பிளே ஆட்டங்கள் (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டங்கள்) பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: மண்ணுக்கடியில் வாழும் கற்பனை இனங்களுக்கு எந்த மாதிரிப் பணம் வைப்பது? அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: என் ஆட்டத்தில் நிலத்தடியில் மூன்று இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம் வேண்டும் என்று காளான் காசு, எலும்புக் காசு, படிகக் காசு என வைத்தேன். ஆட்டக்காரர்கள் "இது எத்தனை பொற்காசுக்குச் சமம்?" என்று கேட்டார்கள். ஒரு கணக்குச் சொன்னேன். அதோடு அந்தக் காசுகளை எல்லாரும் மறந்துவிட்டார்கள். எங்கே தப்பு?

பெயரை மட்டும் மாற்றியதுதான் தப்பு. உங்கள் காளான் காசு பொற்காசைப் போலவே எண்ணப்படுகிறது, பொற்காசைப் போலவே பையில் கிடக்கிறது, எத்தனை நாள் கிடந்தாலும் அப்படியே இருக்கிறது. அப்படியானால் அது பொற்காசுதான். ஆட்டக்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த இனத்துக்கு எது எளிதில் கிடைக்காது என்று எழுதிப் பாருங்கள். சுவரிலேயே பொன் இழை ஓடும் ஊரில் பொன்னுக்கு யார் மயங்குவார்கள்? அங்கே கல்லும் தாதுவும் மலிவு. மரம், விளக்குக்கு எண்ணெய், ஈரம் படாத இடம், வெயிலில் விளைந்த தானியம், நல்ல காற்று ஆகியவைதான் அரிது. அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான்கு விஷயங்களுக்கு விடை தேடுங்கள். இந்தக் காசை யார் செய்கிறார்கள்? மற்றவர்களால் ஏன் செய்ய முடியவில்லை? இருட்டில் அதை எப்படி எண்ணுகிறார்கள்? கடைசியில் அது எப்படி அழிகிறது? நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆட்டக்காரர்கள் கண்ணில் காசு உயிர்பெறுவது அந்த நான்காவதால்தான்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒரு பாதாள நகரில் மெழுகு தோய்த்த திரிதான் காசு. ஒரு திரி சரியாக ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் எரியும். பல விதிநூல்களில் ஒரு பந்தம் 1 மணி நேரம் எரிகிறது. அந்தக் கணக்கில் ஒரு பந்தம் இரண்டரைத் திரிக்குச் சமம். சில்லறை வேண்டுமானால் திரியை வெட்டிக் கொடுக்கலாம். நீளம் பாதியானால் எரியும் நேரமும் பாதி, மதிப்பும் பாதி. ஒரு கிண்ணம் கஞ்சி 1 திரி, உலர்ந்த படுக்கை ஓர் இரவுக்கு 3, ஒரு நாள் கூலி 6, வழிகாட்டிக்கு ஒரு நாளைக்கு 10, ஐம்பது அடிக் கயிறு 20, நல்ல வாள் 150 என்று விலை வையுங்கள்.

இனி கணக்கைப் பாருங்கள். எட்டு மணி நேரம் வெளிச்சத்தோடு நடக்க 20 நாழிகைத் திரி வேண்டும். அது மூன்று நாள் கூலிக்கும் அதிகம். வழி தவறி இருட்டில் நிற்கும்போது, கூலியாக வந்த பணத்தைக் கொளுத்துவதா, இருட்டிலேயே தடவிக்கொண்டு போவதா என்று ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாதாடுவார்கள். "எத்தனை பொற்காசு?" என்ற கேள்வி அப்போது எழாது. கள்ளத் திரி உண்டா? உண்டு. மெழுகில் மட்டமான கொழுப்பைக் கலந்தால் திரி சீக்கிரம் எரிந்துவிடும். ஆனால் எரித்துப் பார்த்தால்தான் அது தெரியும், எரித்தால் காசு போய்விடும். ஆகவே 60 திரிக் கட்டில் ஒன்றைக் கொளுத்திப் பார்ப்பது ஊர் வழக்கமாக இருக்கட்டும். எதைக் கொளுத்துவது என்று வாங்குபவர்தான் சொல்வார். ஒரு வழக்கம், ஒரு மோசடி, ஒரு சண்டைக்கான வாய்ப்பு எல்லாம் இந்த ஒரே விதியில் கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. அந்த நகரத்தார் எல்லாருக்கும் இருட்டுப் பார்வை, அதாவது வெளிச்சமின்றியே பார்க்கும் திறன் இருந்தால் திரிக் காசு அங்கே நிற்காது. விளக்கே தேவைப்படாதவனுக்குத் திரி எதற்கு? அவர்களுக்கு அரிதானது வேறாக இருக்கும், அதைத் தேடுங்கள்.

விலைப்பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. 1545-இல் மெக்சிகோவின் த்லஸ்காலாவில் எழுதப்பட்ட ஒரு சந்தை விலைப்பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. கொக்கோ விதைதான் அங்கே காசு. நல்ல பெட்டை வான்கோழி 100 முழு விதை, சுருங்கிய விதையானால் 120. வான்கோழி முட்டை 3. பெரிய தக்காளி 1. நான்கு எண்களிலேயே ஒரு சந்தை கண்முன் வந்துவிடுகிறது. 'முழு விதை 100, சுருங்கியது 120' என்ற ஒரு வரி, காசிலும் நல்லது கெட்டது உண்டு, கடைக்காரர் ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்ப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. உங்கள் பட்டியலிலும் இப்படி ஒரு வரி இருக்கட்டும்.

கேள்வி: உப்புக் கட்டியைக் காசாக வைக்க விரும்புகிறேன். குகைக்குள் அது சரிப்படுமா?

உப்பு நல்ல தேர்வு. ஆனால் குகை அதற்குப் பகை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆழமான குகைகளில் ஈரப்பதம் பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேல். பெட்டியில் பூட்டி வைத்த செல்வம் ஒரு பருவத்தில் உப்புநீராக ஒழுகிப் போயிருக்கும்.

இதைக் குறையாக எண்ணி ஒதுக்காதீர்கள், நீங்கள் தேடும் கதை இதற்குள்தான் இருக்கிறது. உப்புப் பாறைக்குள் குடைந்த அறையில், சுவரே மிஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், காற்று அந்த 75 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆகவே உப்புச் சுரங்கத்தை வைத்திருப்பவர்களிடம்தான் பாதாளத்தின் உலர்ந்த அறைகளும் இருக்கும். தானியம், தோல் சுவடிகள், பதப்படுத்திய உடல்கள் எல்லாம் அங்கேதான் பாதுகாப்பாக இருக்கும். காசு அடிப்பவர்களே வங்கி, களஞ்சியம், நூலகம் மூன்றும் ஆகிவிடுகிறார்கள். தனியாக ஓர் அரசியல் அமைப்பை நீங்கள் யோசிக்க வேண்டியதே இல்லை.

அளவு சொல்கிறோம். 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 2.3 செ.மீ. தடிமன் உள்ள உப்புக் கட்டி ஏறத்தாழ 1 கிலோ எடை இருக்கும். அதன் முகத்தில் பத்து வரிப்பள்ளம் வெட்டுங்கள், ஒரு பள்ளம் 100 கிராமுக்கு அடையாளம். கொழுப்பு தோய்த்த தோலில் சுற்றி வைத்தால் 10 நாளுக்கு ஒரு பள்ளம் அழியும். சுற்றாமல் வைத்தால் நாளுக்கு ஒன்று. இடுப்பளவு நீரில் இறங்கி நடந்தால் அப்போதே மூன்று. இவை ஆட்டத்தின் வேகத்துக்காக வைத்த எண்கள், ஆய்வுக்கூட அளவு அல்ல. மீதிப் பள்ளங்களை விரலால் தடவினாலே மதிப்பு தெரிந்துவிடும்.

எத்தியோப்பியாவில் டனாகில் பள்ளத்தில் வெட்டிய 'அமோலே' உப்புக் கட்டிகள் 20ஆம் நூற்றாண்டு வரை காசாகப் புழங்கின. வெட்டும் இடத்திலிருந்து தூரம் கூடக்கூட ஒரு கட்டியின் மதிப்பும் ஏறியது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்க வாசலில் ஒரு கட்டிக்கு ஒருவருக்கு ஒரு நாள் உணவு, ஐந்து நாள் பயணத்துக்கு அப்பால் அதே கட்டிக்கு மூன்று நாள் உணவு. முதுகில் 20 கட்டி சுமப்பவர் நடுவில் ஒரு பாதாள ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தால் அந்த ஆறே ஒரு முழு ஆட்ட அமர்வுக்குப் போதும். உப்பு தின்னும் பிராணிகளையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: இருட்டில் காசை எப்படி அடையாளம் காண்பார்கள்? வண்ணக் கற்களைக் காசாக வைத்திருக்கிறேன். சிவப்பு 1, பச்சை 5, நீலம் 20.

இதை மாற்றித்தான் ஆக வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி இருட்டுப் பார்வை உள்ளவருக்கு இருளில் நிறம் தெரியாது, சாம்பல் நிறத்தின் சாயைகள் மட்டுமே தெரியும். உங்கள் சிவப்பும் பச்சையும் அவர்களுக்கு ஒன்றுதான். நிறத்தை நம்பிய காசு மேலிருந்து வந்தவர்களின் காசாக மட்டுமே இருக்க முடியும். அதையே நீங்கள் கதையாகவும் ஆக்கலாம்: விளக்கு வைத்திருப்பவர்கள் மட்டும் ஒருவரையொருவர் ஏமாற்றாமல் பயன்படுத்தக்கூடிய பணம்.

தொட்டுணரும் காசுக்கு மூன்று கருவிகள் இருக்கின்றன: விளிம்பு, துளை, அளவு. விளிம்புதான் முதன்மை, ஏனென்றால் விரல் முதலில் தொடுவது அதைத்தான். யூரோ 20 சென்ட் காசின் விளிம்பில் ஏழு வெட்டுகள் இருப்பதைத் தடவிப் பார்த்தால் இது புரியும். பழைய சீனக் காசுகளின் நடுவில் சதுரத் துளை இருந்தது, கயிற்றில் கோப்பதற்காக. இருட்டில் வாழும் இனத்துக்குக் கோத்த காசுதான் இயல்பு. தனிக்காசு கீழே விழுந்தால் தேடி எடுக்க முடியாது, சரம் விழுந்தால் எடுத்துவிடலாம்.

அளவு வித்தியாசம் போதுமா என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, கையில்தான் சோதிக்க வேண்டும். எம்6, எம்8, எம்10 தட்டை வாஷர்கள் (நட்டுக்கு அடியில் போடும் உலோக வளையங்கள்) வாங்குங்கள். வெளிவிட்டம் 12, 16, 20 மி.மீ. ஒவ்வொரு அளவிலும் பத்து எடுத்துத் துணிப்பையில் போட்டுக் கலக்குங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே வகையில் பத்தையும் எடுக்க அரை நிமிடம் கொடுங்கள். தவறு இரண்டுக்கு மேல் வந்தால் அந்த வடிவமைப்பு வேண்டாம், விளிம்பில் அரத்தால் வெட்டு போடுங்கள். மூன்று மதிப்புகளுக்கு மேல் வைக்காதீர்கள். நான்காவதைச் சேர்த்ததும் ஆட்டக்காரர்கள் கையை விட்டுவிட்டுக் குறிப்புத்தாளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வாஷர் பையை மேசையில் வைத்து, "விளக்கு அணைந்துவிட்டது, 17 எண்ணிக் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் காட்சிக்கு வர்ணனையே வேண்டாம்.

கற்களை விடவே மனமில்லை என்றால் நிறத்துக்குப் பதிலாகக் குளிர்ச்சியைப் பயன்படுத்துங்கள். வைரம் வெப்பத்தை வெகு வேகமாகக் கடத்துவதால் உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும், கண்ணாடி அந்த அளவுக்குக் குளிராது. கல்லை உதட்டில் வைத்துப் பார்க்கும் வணிகர் என்பது யாரும் மறக்காத ஒரு சித்திரம்.

கேள்வி: குள்ளர் இனத்துக்கு மாபெரும் கல் வட்டுகளைப் பணமாக வைத்தேன். தூக்க முடியாததால் ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கைவிட்டுவிடலாமா?

கைவிடாதீர்கள். தூக்க வேண்டும் என்ற எண்ணத்தைத்தான் கைவிட வேண்டும்.

முதலில் சுமைக் கணக்கு. மேலே சொன்ன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்படி 50 காசு ஒரு பவுண்டு எடை, அதாவது ஒரு காசு சுமார் 9 கிராம். 10,000 பொற்காசு 200 பவுண்டு, கிட்டத்தட்ட 90 கிலோ. சாதாரணப் பொற்காசே ஓர் அளவுக்கு மேல் தூக்க முடியாததுதான், நாம்தான் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம். உண்மையிலும் அப்படி ஒன்று நடந்தது. 1644-இல் சுவீடன் அடித்த 10 தாலர் செப்புத் தகட்டின் எடை 19.7 கிலோ.

மைக்ரோனீசியாவின் யாப் தீவுக்காரர்கள் பலாவ் தீவுகளில் சுண்ணாம்புக்கல்லை வட்டமாக வெட்டி, 400 கி.மீ.க்கு மேல் கடலில் கொண்டுவந்தார்கள். பெரிய கல் 3.6 மீட்டர் விட்டமும் நான்கு டன் எடையும் கொண்டது. கை மாறும்போது கல் நகராது, 'இது இனி இவருடையது' என்று ஊர் அறிந்தால் போதும். கடலில் மூழ்கிப்போன ஒரு கல்லுக்கும் அங்கே மதிப்பு இருந்தது, அது கீழே கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால். பிறகு தீவை ஆண்ட ஜெர்மன் நிர்வாகம், பாதைகளைச் சீர்செய்ய மறுத்த மக்களை வழிக்குக் கொண்டுவரக் கற்களின் மேல் கறுப்புச் சிலுவைக் குறி போட்டது. கல் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் மக்கள் ஏழையாகிவிட்டார்கள். பாதை வேலை முடிந்த பிறகே குறிகள் அழிக்கப்பட்டன.

இப்போது உங்கள் குள்ளர்களிடம் வாருங்கள். ஆட்டக்காரர்களுக்குக் கல்லைக் கொடுக்காதீர்கள், கல்லின் மேல் உரிமையைக் கொடுங்கள். "ஏழாம் வாசலின் கல்லில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது." அதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று விதி வையுங்கள். இருவர் இருந்தால் பாதி உரிமைதான் செல்லும், ஒருவர் மட்டும் மிஞ்சினால் வழக்கு. அப்போதிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் சாட்சிகளின் உயிரைக் காப்பதில் காட்டும் அக்கறையைப் பாருங்கள். கிழவர் ஒருவருக்குக் காய்ச்சல் என்ற செய்தியே அவர்களை இரண்டு நாள் பயணம் வைத்துவிடும். கல் கிடக்கும் குகை வெள்ளத்தில் மூழ்கினாலும் பணம் போகாது. ஆனால் யாரோ அதில் கறுப்புக் குறி போட்டால் போய்விடும்.

எழுத்து வேண்டுமானால் கணக்குக்கோல் மிகவும் பொருந்தும். இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் நூற்றாண்டுகளாக இருந்த முறை இது. கோலில் வெட்டுகள் போட்டு, நீளவாக்கில் பிளந்து, கொடுத்தவரும் வாங்கியவரும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். ஆயிரம் பவுண்டு பணத்துக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒன்றுக்கு ஒரு வாற்கோதுமை மணி அகலம். இதைவிட இருட்டுக்கு ஏற்ற எழுத்து இல்லை. இரண்டு பாதிகளும் ஒட்டிப் பொருந்தினால்தான் கடன் மெய், எனவே தனியாக ஒரு பாதியைத் திருத்தி ஏமாற்ற முடியாது. மரம் அரிதான இடத்தில் எலும்பைப் பிளக்கலாம். அதன் இழைகள் எங்கே பிரிகின்றன என்பது ஒவ்வொரு எலும்பிலும் வேறு.

இதில் பிசகும் இடம் ஒன்றுண்டு. கல்லை வெட்டும் உழைப்புதான் அதன் மதிப்பு என்றால், பாறையை வடிவமைக்கும் மந்திரம் தெரிந்த ஒருவர் ஒரே மாலையில் பத்துக் கல் செய்துவிடுவார். யாப்பிலும் இப்படி நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரும்புக் கருவிகளோடும் பெரிய கப்பல்களோடும் டேவிட் ஓ'கீஃப் என்ற வணிகர் ஏராளமான கற்களைக் கொண்டுவர உதவினார். ஆனால் மக்கள் அவற்றைப் பழைய கற்களுக்குச் சமமாக ஏற்கவில்லை. பழைய கல்லை யார் கொண்டுவந்தார், வழியில் யார் இறந்தார் என்ற வரலாறு அதன் மதிப்போடு கலந்திருந்தது. உங்கள் குள்ளர்களும் மந்திரத்தால் செய்த கல்லைப் பார்த்து ஒரே கேள்வி கேட்கட்டும்: "இதற்காக யார் வியர்வை சிந்தினார்?"

கேள்வி: ஒளிரும் காளானைக் காசாக வைத்தேன். ஆட்டக்காரர்கள் அதை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள்!

வளரும் எதையும் வளர்ப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்து நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும் காளானில் எட்டை ஒருவர் வைத்திருந்தால் 60 நாளில் 512. ஓர் அமர்வில் "இரண்டு மாதம் ஓய்வு" என்று நீங்கள் சொன்னால் ஊரையே வாங்கிவிடுவார்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காசாகப் புழங்குவது காளானின் மலட்டு நிலை என்று வைப்பது. தலைப்பாகம் மட்டும் வெட்டப்பட்டு, வித்து நீக்கப்பட்டு வெளியே வரும். தாய்ப் படுகை கோயிலுக்குள் இருக்கும். அதைத் திருடுவது ஒரு தனிச் சாகசம், தடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது எங்களுக்கு அதிகம் பிடித்தது: வளரட்டும், ஆனால் சாகட்டும். வெட்டிய நாள் முதல் 30 நாளில் ஒளி முழுதும் மங்கும். முதல் 10 நாள் முழு மதிப்பு, அடுத்த 10 நாள் பாதி, பிறகு கால், 30ஆம் நாளில் வெறும் சருகு. இந்தப் பணத்தைச் சேர்த்து வைக்கவே முடியாது, கைக்கு வந்ததும் செலவழிக்க வேண்டும். 1932-இல் ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சிற்றூர் இதே எண்ணத்தில் ஒரு பணத்தாளை வெளியிட்டது. மாதா மாதம் மதிப்பில் 1 சதவீதத்துக்கு முத்திரை வில்லை (ஸ்டாம்ப்) வாங்கி ஒட்டினால்தான் அது செல்லும். மக்கள் அதை வீட்டில் வைத்திருக்காமல் சட்டென்று கை மாற்றினார்கள். மத்திய வங்கி மறு ஆண்டு அதை நிறுத்திவிட்டது.

அழியும் காசு புழங்கும் ஊரில் செல்வம் என்பது நகையாகவோ நிலமாகவோ நன்றிக்கடனாகவோ இருக்கும். 'அவன் பணக்காரன்' என்றால் அவனுக்குப் பலர் கடன்பட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஊரில் புதையல் கிடையாது. இதை ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நினைவுகளை, ஆயுள் ஆண்டுகளைக் காசாகப் பயன்படுத்தும் இனம் எப்படி இருக்கும்?

அழகான எண்ணம், ஆனால் பெரும்பாலும் அது பணம் ஆவதில்லை, ஒரே ஒருவர் கேட்கும் விலையாக நின்றுவிடுகிறது. சோதிப்பது எளிது. மாயக்காரி உங்கள் நினைவை வாங்கிக்கொள்கிறாள், சரி. அவள் அதைக் கொடுத்து ரொட்டி வாங்க முடியுமா? ரொட்டிக்காரர் அதை வைத்துக் கூரையைச் சரிசெய்ய முடியுமா? மூன்றாவது கைக்குப் போனால்தான் காசு. நினைவு ஒரு படிகத்தில் அடைபட்டு, யார் வேண்டுமானாலும் ஒரு முறை அனுபவித்துத் தீர்க்கலாம் என்றால் போகும். வெயில் பட்ட நினைவு, மழை நனைத்த நினைவு எல்லாம் மண்ணுக்கடியில் பிறந்தவர்களுக்கு எவ்வளவு ஏக்கம் தரும்! அதனால் அதற்கு விலை வரும்.

ஒன்றைக் கறாராகச் சொல்கிறோம். பாத்திரத்தின் குழந்தைப்பருவத்தையோ தாயின் முகத்தையோ பறிப்பது அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவரை உண்மையாகவே காயப்படுத்தும். எந்த நினைவைக் கொடுப்பது என்பதை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கட்டும், வேண்டாம் என்றால் வேறு விலையும் இருக்கட்டும். பகடை உருட்டி முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: என்ன காசு வைத்தாலும் முதல் நாணயமாற்றுக்காரரிடமே பொற்காசாக மாற்றிவிடுகிறார்கள்.

மாற்றட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் நட்டம் ஏற்படட்டும். 10 திரி கொடுத்தால் 1 பொற்காசு, அதே பொற்காசைத் திருப்பிக் கொடுத்தால் 7 திரி. மாற்றுக்காரரிடம் ஒரு நாளைக்கு 15 பொற்காசுக்கு மேல் இருக்காது. கீழே பொன்னுக்கு வேலையில்லை என்பதால், மேலே போகும் வணிகர் வரும் நாளில்தான் மாற்றுக்காரர் பொன்னை வாங்கவே செய்வார். அதோடு, சில பொருள்கள் உள்ளூர்க் காசுக்கு மட்டும் என்று வையுங்கள்: வாசல் வரி, கோயில் சிகிச்சை, வழிகாட்டி. வரியை எந்தக் காசில் கேட்கிறார்களோ அந்தக் காசுக்கு எப்போதும் தேவை இருக்கும்.

இரண்டு காசுகள் ஒரே மதிப்பில் செல்லும் என்று சட்டம் போட்டால் நல்ல காசு பெட்டிக்குள் போய் மட்டமான காசுதான் சந்தையில் சுற்றும். புதிதாக வெட்டிய காளானை வைத்துக்கொண்டு மங்கியதை முதலில் தள்ளிவிடுவார்கள் அல்லவா, அதுபோல. இதை நீங்கள் திட்டமிடவே வேண்டாம், ஆட்டக்காரர்கள் தாமாகச் செய்வார்கள்.

ஒரு அமர்வில் பொற்காசையும் சேர்த்து இரண்டு பணத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வந்தால் எல்லாரும் கணக்கில் மூழ்கிவிடுவார்கள்.

கேள்வி: கள்ளக் காசைத் தடுப்பது எப்படி? எங்கள் குழுவில் பழுதுநீக்கும் மந்திரமும் மாயத்தோற்ற மந்திரமும் இருக்கின்றன.

முழுதாகத் தடுக்க வேண்டாம், கண்டுபிடிக்கும் வழியை மட்டும் வையுங்கள். கள்ளக் காசுக்காரர்கள் கொக்கோ விதையைக்கூட விட்டுவைக்கவில்லை. மேல்தோலைப் பிளந்து உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு மண்ணை அடைத்து ஒட்டியிருக்கிறார்கள். மாயத்தோற்றத்துக்கு எதிராக எடையும் ஒலியும் போதும், ஏனெனில் பெரும்பாலான தோற்ற மந்திரங்கள் கண்ணை ஏமாற்றுமே தவிர தராசை ஏமாற்றாது. கல்மேடையில் சுண்டி ஓசை கேட்பது பாதாளத்தில் இயல்பான சோதனை. விரிசல் விட்ட காசும் உள்ளே ஈயம் வைத்த காசும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

பழுதுநீக்கும் மந்திரத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் கிஸ்ஸி காசு நல்ல விடை தருகிறது. அது முறுக்கிய நீண்ட இரும்புக் கம்பி. ஒரு முனை 'டி' வடிவில் இருக்கும், மறுமுனை தட்டையாக. கம்பி உடைந்தால் அதன் ஆன்மா போய்விட்டது என்று கருதினார்கள். உரியவர் சடங்கு செய்து ஒட்டித் தந்தால்தான் மீண்டும் செல்லும். உங்கள் பாதாள இனமும் இப்படி நம்பினால், மந்திரத்தால் ஒட்டிய காசு பார்வைக்கு முழுதாக இருந்தாலும் செத்த காசுதான். கம்பியின் முறுக்கில் கொல்லர் சடங்கின்போது ஒரு சிறு தட்டு தட்டி வைப்பார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளம் இல்லாமல் ஒட்டிய கம்பியைக் கடைக்காரர் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பித் தள்ளுவார். அடுத்த கடையிலும் அப்படியே. மூன்றாவது கடைக்குள் செய்தி இவர்களுக்கு முன்னால் போயிருக்கும், கொல்லர் ஒருவர் வாசலில் காத்திருப்பார்.